சித்தி வீட்டு ஒயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது, போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என்றால் நான் கத்துவேன், நீ அழுவாய், நடுவில் உன் அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா வெயிலா என்று கேட்க ஆரம்பித்துவிடுவார், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படி, பாதியில் சித்திக்குப் போன் போடாதே.

அப்பாவுக்கு மூச்சு இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் பாதியில் நின்றுவிடுகிறார், இளைப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டாராம், சுவரில் பெயின்ட் உரிந்திருப்பதை ஆராய்ச்சி செய்கிறாராம். சர்க்கரைக்கு ஊசி காலையும் இரவும் நான்தான் போடுகிறேன், எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், அதற்கு முகத்தை எட்டுக் கோணலாக்கிக்கொள்கிறார். தையல்கடையில் எனக்கு வேலை குறையவில்லை, பள்ளிக்கூடச் சட்டைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, பட்டன் தைத்துத் தைத்துக் கண்தான் மங்கிக்கொண்டு வருகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று முதலாளியம்மா சொல்கிறார், மாற்றலாம், அவசரமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கரண்டு பாக்கி பற்றி உன்னிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் உனக்கு எல்லாம் தெரியும் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா மோசமாகக் கிடந்த வருஷம் அந்த மூச்சு மெஷின் ராத்திரி பகல் ஓடியதே, பில் வர வர மருந்துக்கடைக்கு முதலில் கொடுப்போம் என்று தள்ளிக்கொண்டே போனோம். நீ அப்போதுதான் ஊர் விட்டுப் போய் அந்தக் கிடங்கில் நின்ற காலோடு பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாய், உன் தலையில் இதையும் கட்ட எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஆட்கள் வந்து பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு, முன்பணம் போட்டால்தான் கரண்டு என்கிற புது மீட்டரை வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். பழைய பாக்கி முழுவதையும் அதற்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள். கடையில் பணம் கட்டினால் ஒரு நீள எண் தருவார்கள், அதை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். நூறு போட்டால் நாற்பதைப் பாக்கிக்கென்று அது விழுங்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் கரண்டு விடும். தீர்ந்துபோனால் அவசரத்துக்குக் கொஞ்சம் கடன் கொடுக்கும், அடுத்த முறை அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தீரப்போகிறது என்றால் சிவப்பு விளக்கு எரியும். வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய படத்தை அதன் மேல் மாட்டினேன். அப்படியும் சில நாள் உன் படத்தின் ஓரத்தில் சிவப்பாகத் தெரியும்.

இதே மாடியில் எதிர் வீட்டில் உன் சித்தி. அவளுக்கும் அதே மீட்டர்தான், ஆனால் பாக்கி என்று ஒரு காசு கிடையாது. பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறாள், சித்தப்பா வேன் ஓட்டுகிறார், இரண்டு சம்பளம். கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்காதே, எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான். அவள் வீட்டில் வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும்போது நான் இங்கே பக்கெட்டில் அப்பாவின் லுங்கியைப் பிழிந்துகொண்டிருப்பேன். பாத்திரம் துடைக்கிற துணிக்குக்கூட இஸ்திரி போடுகிறாளே, அதை எதற்கு மடிப்புக் கலையாமல் வைக்க வேண்டும், பாத்திரம் கல்யாணத்துக்கா போகப்போகிறது? நாங்கள் சாயங்காலம் ஒரே ஒரு விளக்கோடு உட்கார்ந்திருப்போம், அது அடுக்களை விளக்கு. ஆனால் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி ஹால் விளக்கையும் வராந்தா விளக்கையும் போட்டுவிடுவேன். அவள் கதவைத் திறந்து உள்ளே போகும் வரை என் வீடு ஜெகஜ்ஜோதியாக இருக்கும், கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவேன். உன் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும், அவருக்குத் தங்கை கிடையாது.

ஒரு நாள் நான் தையல்கடையில் இருந்தபோது மீட்டர் தீர்ந்துவிட்டது. அவசரக் கடனும் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கும் தெரியவில்லை. நான் வந்து பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெதுவெதுப்பு, இன்சுலின் மருந்து கையில் பிடித்தால் சூடாக இருந்தது. இனி அதை நம்பிப் போடக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார், அத்தனையையும் குப்பையில் போட்டேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன். மறுநாளே சித்தி அவள் அடுக்களை ஜன்னலிலிருந்து என் ஜன்னலுக்கு ஒரு நீள ஒயரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நடுவில் ஒரு கை நீளம்தானே இடைவெளி. அவள் வீட்டில் ஒரு பிளக் சும்மாவே கிடக்கிறதாம், பிரிட்ஜை அதில் சொருகிக்கொள்ள வேண்டுமாம். அப்பா உளறியிருக்கிறார் என்று புரிந்தது. மருந்து விஷயம், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சொருகினேன். அன்றிலிருந்து அந்த பிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் அவளே என் அடுக்களையில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். நானும் அதற்கு வாய்க்கு வாய் பதில் சொல்வேன், நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

போன வாரம் சம்பளம் வந்தது. கொஞ்சம் கூடவே ரீசார்ஜ் செய்துவிட்டு, ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்து எதிர் வீட்டுக்குப் போனேன். சித்தி வேலையிலிருந்து வரவில்லை, சித்தப்பாதான் கதவைத் திறந்தார். இத்தனை நாள் உங்கள் கரண்டைக் கொடுத்ததற்கு நன்றி, இனி வேண்டாம் என்று கௌரவமாகச் சொன்னேன். அவர் ஒரு வெகுளி, உனக்குத் தெரியாததா. சிரித்துக்கொண்டே, "எங்க கரண்டா இது? மாசா மாசம் உங்க பொண்ணுதானக்கா போன் பண்ணி நம்பர் சொல்லுது, இவ உக்காந்து அழுத்துறா, அப்புறம் ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுறாங்க" என்றார். மேற்கொண்டு அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை, ஒயரை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அப்பாதான் போய் எடுத்துவந்து மறுபடி சொருகியிருக்கிறார்.

அந்த நாலைந்து நாள் நான் என்னென்ன நினைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ முதன்முதலில் எழுந்து நடந்தபோது என்னைப் பார்த்து நடக்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் நடந்தாய். நான் இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வேலைக்குப் போனதால் உனக்குத் தலை பின்னியது அவள். உன் முதல் சம்பளத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஸ்வெட்டர் அனுப்பினாய், அவளுக்கு நீலம் எனக்குப் பழுப்பு. எனக்கு நீலம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? இப்போது நான் இருட்டில் உட்கார்ந்திருக்க, நீ அவள் வீட்டுக்கு விளக்குப் போடுகிறாய். பெற்றவள் ஒருத்தி, பிள்ளை இன்னொருத்திக்கா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் டார்ச்சுக்குப் பாட்டரி மாற்றுவதிலேயே குறியாக இருந்தார், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முந்தாநாள் சித்தி வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை, அப்பா திறந்தார். அடுக்களையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து கெட்டுப்போனதை அப்பா அவளிடம் மட்டுமல்ல, உன்னிடமும் சொல்லிவிட்டாராம், பாக்கிக் கதையோடு சேர்த்து. அம்மாவிடம் கேட்டால் பணம் வேண்டாம் என்பாள், அவள் மீட்டரில் போட்டாலோ நாற்பதை அது தின்றுவிடும், அதனால் உன் மீட்டரில் போடுகிறேன் சித்தி, நீ ஒயர் கொடு என்று கணக்குப் போட்டது நீதானாம். அவள் வீட்டுச் செலவுக்கு அவள் தனியாகத்தான் கட்டுகிறாளாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு எழுந்து போகும்போது வாசலில் நின்று, "நீ லைட்டைப் போடுவேன்னு தெரிஞ்சுதான்க்கா நான் படியில ஓடி ஏறுறேன். ரொம்ப நேரம் எரிய வேண்டாம்னு" என்றாள். அவளுக்கு முட்டி வலி. அவள் போன பிறகு கொஞ்ச நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

இதோடு என் மனசு குளிர்ந்துவிட்டது, பொறாமை போய்விட்டது என்று நினைத்தாயா? போகவில்லை, கூடிவிட்டது. கரண்டு விஷயத்தில் எனக்கு இப்போது வருத்தமே இல்லை. அந்த ஒரு மணி நேரப் பேச்சு இருக்கிறதே, அதுதான் நெஞ்சில் குத்துகிறது. எனக்கு நல்லா இருக்கேம்மா, அவளுக்கு ஒரு மணி நேரமா? நீ கால் வீங்கிப் பாதி நாள் உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கூட இருந்தவள் அறையைக் காலி செய்து போனதும், நீ தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் சாப்பிடாமலே படுப்பதும் அவளுக்குத் தெரியும். என் பாக்கியை நான் உன்னிடம் மறைத்தேன், சரி. அதற்காக நீ உன் பாரத்தையெல்லாம் அவளிடம் இறக்கிவைத்துவிட்டு எனக்குச் சிரித்த முகத்தை மட்டும் காட்டுவாயா? யாரிடமிருந்து கற்றுக்கொண்டாய் என்று அப்பா கேட்கச் சொல்கிறார். அவருக்கு இந்த வீட்டில் வாய் கொஞ்சம் கூடிவிட்டது.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். இந்த மாசத்திலிருந்து நீ என் மீட்டரில் போடு. சித்தி இது பைத்தியக்காரக் கணக்கு என்கிறாள், பாதிக்குப் பாதி வீண் என்கிறாள். வீண் என்ன வீண், பாக்கி எங்களுடையது, என்றைக்காவது கட்டித்தானே தீர வேண்டும், விழுங்கினால் விழுங்கட்டும். கொஞ்சமாகப் போட்டால் போதும், உன் சாப்பாட்டில் கை வைக்காதே. பிரிட்ஜ் மட்டும் அவள் ஒயரிலேயே இருக்கட்டும், அது மருந்து விஷயம், அதில் என் வீம்பைக் காட்ட மாட்டேன். அதற்கான பணத்தை நானே அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், வாங்க மாட்டாள், கல்லாப்பெட்டிக்காரிக்குத் தெரியாமல் அவள் பையில் போட எனக்குத் தெரியும். உன் படத்தையும் மீட்டர் மேலிருந்து கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தால் எரியட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

நீ நோய் நொடியில்லாமல், மனசுக்குப் பிடித்த துணையோடு, வேளைக்குச் சாப்பிட்டு நிறைவாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்கிறார். ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு, வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தாலும் வீக்கம் குறையும். என் மீட்டர் எண்ணை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. பணம் போட்டதும் வருகிற அந்த நீள எண்ணை மெசேஜில் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. போன் போட்டு நீயே ஒவ்வொன்றாகச் சொல், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுத்துகிறேன். ஒன்று தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும், பொறுமையாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கண் சரியில்லை, நிறையத் தப்பு வரும்.

இப்படிக்கு,
உன் அம்மா