ஹேசலுக்காக ஒரு பூசை

மந்தாரக்குப்பம்,
18.11.2018

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அம்மா எழுதுவது. முழங்காலை விட்டுவிட்டால் இங்கே நான் நலம். நீ நலமா என்பதை மட்டும் அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் எது அனுப்பினாலும் வாட்ஸ்அப்பில் நீ பார்த்துவிட்டதாக நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன்னோடு படித்த ஃபெலிக்ஸ் பெங்களூரிலிருந்து பேசினான். ஏஞ்சலின் குழு விண்ணுக்கு அனுப்பிய ஹேசல் பேச்சை நிறுத்திவிட்டது, அன்றிலிருந்து அவளும் யாரோடும் பேசுவதில்லை ஆன்ட்டி என்றான். அது செருப்புப்பெட்டி அளவுச் செயற்கைக்கோள், எங்கோ ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது அதன் காற்றுக்குள் புகுந்து வருகிற வெளிச்சத்தைப் பிடித்து, அந்தக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் என்று போன கிறிஸ்துமசுக்கு நீ போனில் விளக்கினாய். பாதிதான் புரிந்தது, ஆனால் உன் குரல் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பூசைக்குப் பெயர் எழுதிக்கொள்கிற கோயில்பிள்ளை பெனடிக்டிடம் ஹேசலுக்காக ஒரு பூசை என்று பெயர் கொடுத்தேன். என்ன கருத்துக்கு, உயிரோடு இருப்பவருக்கா செத்தவருக்கா என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. நவம்பர் மாதம் ஆன்மாக்களின் மாதம், இந்த மாதத்தில் யார் பெயர் கொடுத்தாலும் அது செத்தவர் பெயர்தான். போன ஞாயிறு பூசையில் ஃபாதர் மைக்கைப் பிடித்து, மார்த்தாள் குடும்பத்து ஹேசலின் ஆன்மா இளைப்பாற்றிக்காக என்று வாசித்துவிட்டார். மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. எதிர்வீட்டுக் கலியம்மாள் ஒரு தூக்கு டீயோடு வந்து, ஏம்மா மார்த்தா, வெளிநாட்டுல பேத்தி இருந்ததையே எங்ககிட்ட மறைச்சிக்கினு இருந்தியா, சாவைக்கூட மைக்குல கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணுமா, இன்னிக்கி நீ அடுப்பு பத்த வெக்கக் கூடாது என்று அதட்டினாள். ஒருத்தி குழந்தைக்கு எத்தனை வயது என்றாள், இன்னொருத்தி உனக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று சுற்றிவளைத்துக் கேட்டாள். அது குழந்தையில்லை, பெட்டி என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்து முடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் அத்தனை டம்ளரை நான் வெளியே எடுத்ததே இல்லை.

அவர் சாவுக்கு இத்தனை பேர் வரவில்லை, உனக்குத் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் கூட வேலை பார்த்தவர்களிடம், சாவுக்குப் போகிறவன் நாளைக்கு ஷிப்டுக்கு வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டான். அவர்கள் ஷிப்டு முடிந்து, மண் மூடிய பிறகு, பூட்ஸ் காலோடு வந்து கல்லறையில் நின்றார்கள். சாகிறவரை காண்ட்ராக்ட், செத்த பிறகும் காண்ட்ராக்ட். எங்கோ இருக்கிற கோளின் காற்றைப் பார்க்க ஒரு பெட்டி செய்கிறார்கள், இரவெல்லாம் இருமிய உன் அப்பா தைரியநாதனின் நெஞ்சுக்குள் போன காற்றில் என்ன இருந்தது என்று பார்க்க யாரும் ஒன்றும் செய்யவில்லை. உன் வேலையைக் குறை சொல்லவில்லை, இதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். கலியம்மாள் பொட்டிக்கா இவ்ளோ அழுதோம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, பொட்டியோ புள்ளையோ, அதப் பெத்தவ அங்க ஒண்டியா அழுதுகினு இருப்பாளே, அவகிட்டப் பேசுனியா என்று கேட்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன்.

ஹேசல் உங்கள் ஊருக்கு மேலே கடக்கும்போதெல்லாம் நீ உட்கார்ந்து அதைக் கூப்பிடுகிறாயாம், பதில் வராவிட்டாலும் அடுத்த சுற்றில் மறுபடி கூப்பிடுகிறாயாம், ஃபெலிக்ஸ் சொன்னான். நானும் இங்கே அதே வேலையைத்தான் செய்கிறேன் மகளே. ஹேசலுக்கு பேட்டரி போயிருக்கலாம். உனக்குப் போகவில்லை, நீலக்கோடு விழுகிறது.

அங்கே பனி தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாதா உன் கூடவே இருந்து உன்னைக் காக்கட்டும். பெனடிக்ட் மன்னிப்புக் கேட்டார், கிறிஸ்துமசுக்குள் இன்னொரு பூசையில் ஹேசல் பெயரைச் சேர்க்கிறேன், உயிரோடு இருப்பவர்கள் பக்கமா, இல்லாதவர்கள் பக்கமா, மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும். எழுத வேண்டாம், போன் பண்ணு.

வழி பார்த்திருக்கும் உன் அம்மா,
மார்த்தாள்