லியென்சுவான் ஊரின் ஒற்றை அடுப்பு

வடமதில் முதல் உப்புக்கடல் வரை பரந்த யூன் தேசத்துப் பேரரசரின் குடைநிழலில் அமர்ந்து, குடிப்பதிவு மந்திரி குவோ தென், வடமதில் காக்கும் படைத்தலைவர் ஹாய் பெங் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குதிரைகள் கொழுக்க. தங்கள் முழங்கால் வலி தணிக. எமது வலி தணிந்தபாடில்லை. அமர்ந்து என்று எழுதிவிட்டோம். உண்மையில் மூன்று நாளாக இருப்புக்கொள்ளாமல் நின்றபடியே எழுதுகிறோம்.

வீட்டுக்கு ஓர் ஆள் மதில் வேலைக்கு வர வேண்டும். ஓர் அடுப்பில் உண்போர் ஒரு வீட்டார். உண்டவர் பெயரை அன்றே ஏட்டில் ஏற்ற வேண்டும். இச்சட்டத்தை எழுதியவர் யாமே. லியென்சுவானில் எழுபத்தோரு கூரைகள் இருந்தும் மூங்கில் ஏட்டில் ஒரே வீடு காணப்படவே, அதைப் பிரித்து எழுபத்தோரு ஆட்களைக் கொணருமாறு பேரரசர் எம்மை அனுப்பினார். அறுவடைக்கோ ஒன்பது நாள். ஆட்கள் போனால் கதிர் வயலிலேயே உதிரும். பனிக்காலத்தில் எஞ்சியவர்களும் உதிர்வார்கள்.

அடுப்பைச் சோதித்தோம். ஒன்றுதான். பானையைக் கிளற இருவர் அதற்குள்ளேயே தோணியில் போகிறார்கள். உப்புப் போடப் போன ஒருவர் மறுகரை சேர மாலையாயிற்று என்கிறார்கள். அதை யாம் காணாததால் இங்கே எழுதவில்லை. தோணியைக் கண்டோம்.

வீட்டுத் தலைவி சூ ருவோ அம்மையார், பெரியவர் வெறும் வயிற்றோடு முத்திரை குத்துவது முறையாகுமா என்று பணிவுடன் வினவினார். உண்டோம். மூன்றாம் கிண்ணத்தில்தான் சட்டம் நினைவுக்கு வந்தது. அதற்குள் அம்மையார் எம் பெயரை ஏட்டில் ஏற்றி, மந்திரியின் கையெழுத்தைவிடத் தம் கையெழுத்து தேவலாம் என்றும் தெரிவித்தார். எம் காவலர் பன்னிருவரும் பின்தொடர்ந்து இவ்வீட்டாராயினர்.

எம்மிடமிருந்து செய்தி வராததால் தாங்கள் முந்நூறு வீரரோடு வருகிறீர்கள். ஆற்றுக்கு அப்பால் புழுதி தெரிகிறது. காற்று தங்கள் பக்கமாக வீசுகிறது. இன்று பூசணிக்காய் போட்டிருக்கிறார்கள். ஆதலால் ஆற்றைக் கடவாமல், சொந்தச் சோறு பொங்கி உண்டு திரும்புக. ஒரு கவளம் உண்டவரும் எம் உறவினராவார்.

இவ்வீடு தர வேண்டிய ஓர் ஆளை யாம் மறுக்கவில்லை. நேற்று எல்லாரும் கூடிப் பேசி, கதிர் அறுக்கத் தெரியாதவரே போவது என்று முடிவு செய்தார்கள். பிறகு எல்லாரும் எம்மைப் பார்த்தார்கள்.

நாளைக் காலை புறப்படுகிறோம். எமக்கு வயது எழுபத்தெட்டு. சிறிய கல்லாகப் பார்த்து ஒதுக்கி வைக்குமாறு ஆணையிடுகிறோம்.

அரக்கு தீர்ந்ததால் அடுப்புக்கரியில் முத்திரை இட்டு உறுதி செய்தது:
குவோ தென், குடிப்பதிவு மந்திரி. லியென்சுவான் வீட்டின் நானூற்றுப் பன்னிரண்டாம் ஆள்.