விளக்கு வைத்த பிறகு கேட்ட துளசி ரசம்

அன்புள்ள அக்கா,

வீட்டில் இப்போது மூன்று பேர். கட்டிலில் என் வீட்டுக்காரர், அவர் காலடியில் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு மருமகள், அடுப்படியில் நான். மகன் அம்பர்நாத்தில் நைட் ஷிப்ட். பெருமாளுக்கு விளக்கு வைத்தாயிற்று. ரசத்துக்கு மிளகும் பூண்டும் தட்டிய வாசனை எழுந்ததும் உங்கள் முகம் வந்து நின்றுவிட்டது.

இவருக்கு நெஞ்சுச் சளி. மருந்து நடக்கிறது. ஆனால் வாய் கசந்துபோய், நேற்றிலிருந்து ஒரு பிடி சோறு இறங்கவில்லை. இன்று இரவும் சாப்பிடாவிட்டால் காலையில் அட்மிட் செய்து சலைன் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சற்று முன் இவராகவே வாய் திறந்து கேட்டது உங்கள் துளசி ரசத்தைத்தான்.

காலையில் பறித்தது தீர்த்தத்தோடு போயிற்று. விளக்கு வைத்த பிறகு நாங்கள் செடியில் கை வைப்பதில்லை. உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் முதன்முதலாக ரசத்தில் துளசி போட்ட அன்று நான் பதறிப்போனேன்.

"பெருமாளுக்குச் சாத்துறத அடுப்புலயா போடுவாங்க?"

"ஏட்டி, அவரு மட்டும் இருமாம இருந்தாப் போதுமா?" என்று சிரித்தீர்கள். "நுரை கட்டவும் எறக்கிரு. பொறவு எலையக் கிள்ளிப் போட்டு மூடு. கொதிக்கவிட்டா வாசம் போயிரும்."

என் மகனின் இருமலுக்குத் துளசிச் சாறும் இஞ்சிச் சாறும் தேனில் குழைத்துத் தந்ததும் நீங்கள்தான். இருட்டிய பிறகு இலை வேண்டுமென்றால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரைத் தட்டுவேன். கையில் ஜெபமாலையோடு வந்து பறிப்பீர்கள். நான் திரும்பி நின்றுகொள்வேன்.

"முதுகக் காட்டிட்டா ஒங்க பெருமாளுக்குத் தெரியாதாக்கும்?"

"பன்னெண்டு எலை போதும்க்கா."

"எலைக்குமா கணக்கு வைப்ப? எல்லாத்தையும் எம் பேருல எழுதிராத. எங்க மாதாவுக்கு யாரு பதில் சொல்லுதது?"

போன மழைக்காலத்தில் நீங்கள் உங்கள் மாதாவிடமே போய்ச் சேர்ந்தீர்கள். அதற்குப் பிறகு நான் சுவரைத் தட்டவில்லை.

இன்று மருமகள்தான் முதலில் எழுந்தாள். "நான் பறிக்கட்டா அத்தை? பாப்-வாப் வந்தா எனக்கு வரட்டும். மாமா சாப்பிட்டாப் போதும்." கல்யாணில் வளர்ந்த பெண், எதையும் படக்கென்று சொல்லிவிடுவாள். வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவள் தலையில் எந்தப் பாவத்தை நான் ஏற்ற? பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டேன்.

இவர் மறுபடி இருமுகிறார். இருமி முடித்து, "ஆச்சா?" என்கிறார். "இதோ" என்று சொல்லிவிட்டு வந்து, செடிக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ரசம் நுரை கட்டிவிட்டது, இறக்கியும் வைத்துவிட்டேன். உங்கள் பக்குவம் எல்லாம் என்னிடம் இருக்கிறது அக்கா. பறிக்கிற கை மட்டும் உங்களோடு போய்விட்டது.

நானே பறிக்கலாமா? ரசம் ஆறுவதற்குள் சொல்லுங்கள்.