மூன்று கரைக்காரர் கையில் இருக்கும் என் பன்னிரண்டு சொற்கள்

அனுப்புநர்
சொ. சேவுகப்பெருமாள் (வயது 72),
தெற்குத் தெரு, நெடுங்காவயல்,
அரியக்குடி வழி, காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையவழிக் குற்றப் பிரிவு,
சிவகங்கை.

பொருள்: எனக்குப் பரிசாக வந்த கிரிப்டோ நாணயத்தின் இரகசியச் சொற்களை ஊர்த் திருவிழாவில் மைக்கில் படிப்பதைத் தடுத்து, அவற்றை என்னிடம் மீட்டுத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். தாலுகா அலுவலக மரத்தடியில் மனு எழுதித் தருபவரிடம் போகவில்லை. முன்பு அவர் எழுதிய மனுக்களில் கைநாட்டு வைத்திருக்கிறேன். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது நினைத்தால் சந்தேகமாக இருக்கிறது. எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. ஒரு பத்தி முடிந்ததும் படித்துப் பார்க்கிறேன்; நான் நினைத்ததே அதில் இருக்கிறது. அந்த மகிழ்ச்சியில் மனு சற்று நீண்டுவிட்டால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. சென்ற ஆண்டு முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து தேர்வில் வெற்றி பெற்றேன். எங்கள் ஊர் ஹனிபா அவர்களின் தென்னந்தோப்பை நெடுங்காலம் பார்த்துக்கொண்டவன் நான். அவர் மகன் அன்வர் சாதிக் சிங்கப்பூரில் கணினி வேலையில் இருக்கிறார். நான் தேறிய செய்தி கேட்டு, படித்ததற்குப் பரிசு என்று பிட்காயின் என்னும் கிரிப்டோ நாணயத்தில் கொஞ்சம் அனுப்பினார். அதன் மதிப்பை இங்கே எழுதவில்லை. இந்த மனு தங்கள் மேசைக்கு வருவதற்குள் எத்தனை பேர் கையில் போகும் என்பது எனக்குத் தெரியாது. நேரில் தங்களிடம் மட்டும் சொல்வேன்.

2. பரிசு வந்த உடனே நான் அதை வாங்கிவிடவில்லை. "பரிசைப் பெற இதை அழுத்தவும்" என்று போனில் ஒரு செய்தி வந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்த உடனேயே அழித்துவிட்டேன். இப்படி அழுத்தித்தான் பலர் பணத்தை இழந்தார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அன்வர் மறுபடியும் அனுப்பினார், மறுபடியும் அழித்தேன். பிறகு அவர் வீடியோவில் அழைத்தார். முகத்தையும் இப்போது போலியாகச் செய்கிறார்களாம். ஆகவே, சிறு வயதில் என் சைக்கிளை எங்கே கொண்டுபோய் மோதினாய் என்று கேட்டேன். "அய்யனார் கோயில் மண் குதிரை மேல மாமா. குதிரைக் காலு ஒடஞ்சு போச்சு. நீங்க இன்னைக்கி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லலையே" என்றார். அவர்தான் என்பது உறுதியாயிற்று. குதிரை விஷயத்தை இங்கே எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

3. அவர் சொன்னபடி வாலட் என்னும் செயலியைப் போனில் ஏற்றினேன். அது ஆங்கிலத்தில் பன்னிரண்டு சொற்களைக் காட்டியது. போன் போனாலும் அந்தச் சொற்களை வரிசையாகப் போட்டால் நாணயம் திரும்பக் கிடைக்கும். சொற்கள் போனால் உலகில் யாராலும் எடுத்துத் தர முடியாது, இதற்கு வங்கி மேலாளர் என்று ஒருவர் கிடையாது என்று அன்வர் விளக்கினார். படம் எடுக்காதீர்கள், தாளில் எழுதி வீட்டில் இரண்டு இடத்தில் வையுங்கள், என்னிடமும் காட்டாதீர்கள் என்றார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. கோலம் பார்த்துப் போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்தேன். சரியாக இருக்கிறது என்று செயலியே ஒப்புக்கொண்டது. ஆங்கிலமும் எழுதிவிட்டேன் என்று என் மனைவி யோகலட்சுமியிடம் சொன்னேன். "முத எனக்கு ரேசன் கார்டப் படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்துச் சொன்னேன்.

4. வீட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் மருமகன் வேல்பாண்டி வாரந்தோறும் வருகிறார். வந்ததும் தண்ணீர் குடிக்கும் முன்பே பிட்காயின் இன்று என்ன விலை என்று சொல்கிறார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நான் கிறுக்கி வைத்தால் யாருக்கும் புரியாது என்ற காலம் போய்விட்டது. என் எழுத்தை இப்போது எல்லோராலும் படிக்க முடிகிறது.

5. எங்கள் ஊர்க் குடும்பங்கள் மூன்று கரைகளாக, அதாவது மூன்று வகையறாக்களாக, பிரிந்தவை. அம்மன் நகைப்பெட்டிக்கு மூன்று பூட்டு. கரைக்கு ஒரு சாவி. மூவரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். இதுவரை ஒரு குண்டுமணி தங்கம் குறைந்ததில்லை. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்த முறை தெரிந்திருக்காது என்று எண்ணினேன். தாளை மூன்றாக வெட்டி, கோயில் வாசலில் வெற்றிலை பாக்கு வைத்து, முதல் கரை முத்துராமலிங்கம், இரண்டாம் கரை பெத்தன், மூன்றாம் கரை பொன்னுத்தாயி ஆகியோரிடம் நான்கு நான்கு சொற்களாக ஒப்படைத்தேன். பெட்டிச் சாவிபோல இதையும் வைத்திருங்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். வீட்டில் நகல் எதுவும் வைக்கவில்லை.

6. கடந்த மாசி மாதம் என் போன் பம்புசெட் தொட்டியில் விழுந்துவிட்டது. தொட்டி விளிம்பில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் குளித்தேன். அப்போது அங்கே பெத்தன் மட்டும் துணி துவைத்துக்கொண்டிருந்தார் என்பதைப் பதிவு செய்கிறேன். வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை. அந்தப் போன் இனிமேல் உயிர் பெறாது என்று காரைக்குடிக் கடைக்காரர் சொல்லிவிட்டார். இன்னொரு கடையிலும் கேட்டேன். அவரும் அதையே சொன்னது எனக்கு ஐயத்தைத் தந்தது. மூன்றாவது கடைக்குப் பிறகு நம்பினேன்.

7. புதுப் போன் வாங்கிக்கொண்டு சொற்களைத் திரும்பக் கேட்டேன். முத்துராமலிங்கம் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, சாவி கரை கையில இருந்தா உள்ள இருக்கிறது ஊருக்குப் பொதுதானே. நீங்கதானே கோயில் வாசல்ல வெத்தல வச்சுக் குடுத்தீக. இப்ப மட்டும் என் சொத்துன்னா எப்புடி?" பெத்தன், அம்மனுக்குத் தகரக் கொட்டகை போட்டது போக மீதி உங்களுக்கு என்றார். மீதி இருக்குமா என்று கேட்டேன். "அது தகரத்தோட வெலையப் பொறுத்தது" என்றார்.

8. பொன்னுத்தாயி கொட்டகையைப் பற்றிப் பேசவில்லை. "மூணு பேரும் கோயில்ல ஒண்ணா நிக்கையிலதான் மடியில இருந்து எடுப்பேன். பெட்டிச் சாவிய அப்புடித்தானே எடுக்குறோம்? நீங்க கேட்டாலும் அதேதான், அவுக கேட்டாலும் அதேதான்" என்றார். மற்ற இருவரும் அவரிடம் கேட்டிருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே எனக்குத் தெரிந்தது. பொன்னுத்தாயி மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு. மற்றவர்கள் மீது உள்ளதைவிடக் குறைவு. மருமகன் வேல்பாண்டி, "மாமா, எங்கிட்ட விடுங்க, மூணு பேருகிட்டயும் நான் வாங்கித் தாரேன்" என்கிறார். அதைக் கேட்ட மறுநாளே இந்த மனுவை எழுதத் தொடங்கினேன்.

9. இப்போது அவசரம் என்னவென்றால், வரும் பங்குனி இரண்டாம் செவ்வாய் அம்மன் பொங்கல். அன்று நகைப்பெட்டியைத் திறக்கும்போது என் சொற்களையும் ஊர் முன்னிலையில் சேர்ப்போம் என்று முத்துராமலிங்கம் அறிவித்துவிட்டார். ஒளிவுமறைவு கூடாது என்பதற்காக, பன்னிரண்டு சொற்களையும் ஆங்கில ஆசிரியர் ஒருவரை வைத்து மைக்கில் படிக்கப் போகிறார்களாம். ஐயா, இவர்கள் திருடர்கள் என்று நான் எழுதவில்லை. எதையும் நாலு பேர் அறியச் செய்வதே நேர்மை என்று வாழ்ந்தவர்கள். நானும் அப்படித்தான் வாழ்ந்தேன். ஆனால் இந்த நாணயத்துக்கு அந்த நேர்மையே கேடு. மைக் சத்தம் அடுத்த ஊர்வரை கேட்கும். கேட்டவர் யாராக இருந்தாலும், நான் போனை எடுத்துக் கண்ணாடி மாட்டுவதற்குள் அவற்றைத் தம் போனில் போட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடலாம். எடுத்தவர் யார் என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

10. கொட்டகைக்குத் தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் தருவேன். ஆனால் படித்ததற்காக என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பரிசு இது ஒன்றுதான். அது என் கைக்கு ஒருமுறை வந்து, பிறகு என் கையால் போக வேண்டும்.

ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து, அந்தச் செவ்வாய்க்கு முன்பாக மூன்று கரைக்காரர்களையும் அவரவர் தாளுடன் தங்கள் அலுவலகத்துக்கு வரவழைக்க வேண்டுகிறேன். கோயிலில் நிற்பதுபோல மூவரையும் ஒன்றாக நிறுத்தினால் பொன்னுத்தாயி மறுக்க மாட்டார். ஒவ்வொருவரும் தம் தாளை என்னிடம் மட்டும் கொடுக்கட்டும். நான் அவற்றை என் புதுப் போனில் மெதுவாகத்தான் பதிவேன். அதுவரை யாரும் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வாலட் திறந்ததும் அங்கேயே புதிய வாலட்டில் புதிய சொற்களுடன் நாணயத்தை மாற்றிவிடுவேன். பழைய சொற்கள் பிறர் கண்ணில் பட்டுவிட்டதால் அப்படிச் செய்ய வேண்டும் என்று அன்வர் சொல்லியிருக்கிறார். மாற்றி முடித்த பின் பழைய தாள்களை அவர்களிடமே திருப்பித் தருகிறேன். மைக்கில் படிக்க விரும்பினால் அப்போது தாராளமாகப் படிக்கட்டும்.

தங்கள் மீது எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனாலும் நான் பதியும் நேரத்தில் தாங்களும் அலுவலகத்தில் உள்ள மற்றவர்களும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சொ. சேவுகப்பெருமாள்
(கையொப்பம், கைநாட்டு அன்று)

இடம்: நெடுங்காவயல்
நாள்: 16.03.2026