போர்வைக்குள் இருந்த பெரிய டிரம்

ஜூன் 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ரிக்கார்டு எடுக்கும் வெள்ளைக்காரத் துரை மதராசிலிருந்து வந்தாயிற்று. லாலாகுடா ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹால், ஜன்னலுக்கெல்லாம் கம்பளி. என் ஜாஸ் பேண்டின் முதல் ஆல்பம்: இரண்டு ரிக்கார்டு, நாலு பக்கம். வயது பதினெட்டு, தலைவன் நான், டிரம் வாசிப்பதும் நான், லேபிளில் என் பெயர். அம்மா: "சத்தம் ஜாஸ்தி, அதான் ஜாஸ்னு பேர் வச்சிருக்கான்."

பெரிய டிரம்மைப் பார்த்ததும் துரை தலையசைத்தார். அதை மிதித்தால் ஊசி துள்ளி, பாட்டைப் பதிக்கும் மெழுகுத் தட்டு பாழாகுமாம். மூலையில் தள்ளிப் போர்வை போட்டு மூடியாயிற்று. மிதிக்கும் பெடலைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். சின்ன டிரம், சிம்பல் மட்டும். யானையை விட்டுவிட்டு வால் மட்டும் ஊர்வலம் போன மாதிரி.

மெழுகை ஓட்டிக் கேட்டால் அழிந்துவிடும். கல்கத்தாவில் ரிக்கார்டாக அச்சாகி வர வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

மழை. சாம்பிள் வந்தது. சாக்ஸபோன் ஆல்பர்ட் வீட்டு கிராமபோனில் போட்டோம்.

பக்கம் 1: எங்களுக்குப் பின்னால், தூரத்தில், தும். பெரிய டிரம்.
2: கிட்டே.
3: எங்களோடு.
4: எங்களுக்கு முன்னால். அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஓடுகிறோம்.

நான் அப்படி வாசித்ததே இல்லை. நன்றாக வேறு இருக்கிறது, சனியன்.

ஆல்பர்ட்: "உன் வேலைதானே ரே இது?"

"பெடல் என் பையில இருந்துதுடா."

"நக்கோ ரே, கதை விடாதே. என் சாக்ஸபோன்ல தவளை விட்டவன் நீ."

சத்தியம் பண்ணினேன். சிரித்தான். தவளைக்கும் பண்ணியிருந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

துரையின் கடிதம். கம்பெனிக்கு அந்தத் தும் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் குறிப்பில் பெரிய டிரம் இல்லை. வாசித்தது யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஆள் தெரியாவிட்டால் ஆல்பம் கிடையாது.

மத்தியானம் வரை வெற்றுக் காகிதம். பிறகு, "வாசித்தவன் நானே." கையெழுத்து. தபால் பெட்டி. ஊரே நம்பப்போகிற என் முதல் பொய்.

ஜூலை 8, திங்கள்

வெயில். இட்லி, வெங்காயச் சட்னி. பாதி சாப்பாட்டில் அம்மா: "எதுக்குடா காலை ஆட்டிக்கிட்டே இருக்கே? தட்டு அதிருது."

குனிந்து பார்த்தேன். மேஜைக்கடியில் என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. நாலாம் பக்கத்துத் தாளம், பிசகில்லாமல். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். கையும் சேர்ந்து ஏறி இறங்கியது.

"போதும், நிறுத்து."

"நான் இல்லம்மா."

"பின்னே யாரு?"