பூமியைச் சுற்றவிட்டவனுக்கு

சுக்குக் காப்பி வாசனைக்கே நின்றுவிட்டேன். பௌர்ணமி என்று கிரிவலம் கிளம்பி, செங்கம் சாலைக் கடையில் முதல் வாய்தான் குடித்திருப்பேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் காலைப் பார்த்து முறைத்தார். குதிகால் வலி என்று செருப்போடு வந்திருந்தேன்.

"செருப்பக் கழட்டுங்க சார். வெறுங்கால் பட்டாதான் பூமிக்கு கிரிப்பு. நாம மிதிக்கிற மிதியிலதான் அது சுத்துது. சயின்ஸே ஒத்துக்கிச்சு!"

அடப்பாவி! அது நீ விட்ட கதையாயிற்றே!

வேங்கிக்கால் ஆபீஸ் முடிந்து நாம் இரண்டு பேரும் நேராகக் கிரிவலத்துக்கு வந்த ஒரு சாயங்காலம். ஏன் வெறுங்காலோடு நடக்கணும் என்று ஒரு சென்னைக்காரர் உன்னைக் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் ஆரம்பித்தாய். "ஆதியில பூமி சுத்தவே இல்லைங்க. செங்கத்துல எப்பவும் ராத்திரி, வேலூர்ல எப்பவும் உச்சி வெயில். ஜனங்க மலையைச் சுத்த ஆரம்பிச்சப்புறம்தான் பூமியே நகந்துது. வேலூர்ல அந்தப் பழைய சூடு இன்னும் ஆறல." அவர் பயபக்தியோடு ஷூவைக் கழற்றினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். "சிரிக்காதடா, ஆராய்ச்சி கெட்டுடும்" என்றாய்.

இப்போது சிரிக்க ஒருவருமில்லை, எல்லோரும் நம்புகிறார்கள். "ஐயா, இது என் சிநேகிதன் அடிச்ச டூப்புங்க" என்று பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். செல்போனை நீட்டினார். கோட்டு போட்ட யாரோ ஒருவர் படத்துக்குக் கீழே உன் வேலூர், உன் செங்கம், வார்த்தை மாறாமல். "படிச்சவங்க நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றார். சுற்றி நின்றவர்களும் அவர் பக்கம். என்ன செய்யட்டும்? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அவர் மேல் கோபமில்லை. உன் குரல் போச்சு, குறும்பு போச்சு, நீ விட்ட புளுகு மட்டும் நிஜமாகி நிற்கிறதே என்றுதான் ஆத்திரம். நடுரோட்டில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் செல்போனுக்குள் போகாத ஒன்று என்னிடம் மிச்சமிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்க வாங்கக் கேட்டாய்: "இங்க மட்டும் கடிகாரம் ஏன்டா மெதுவா ஓடுது, தெரியுமா? அதுக்குக் காரணம் என்னான்னா..." அதற்குள் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நீ திரும்பவில்லை.

அந்தக் காரணத்தை நானும் கட்டிக் கட்டிப் பார்க்கிறேன். எனக்கு வருவேனா என்கிறது. ஒருதரம் வந்து சொல்லிவிட்டுப் போடா. சத்தியமாக நம்புகிறேன்.