ஓவர்காஸ்ட் என்றுதான் போட்டிருக்கிறது

மதினி,

இப்போது வேறு எஸ்டேட்டுக்குப் போகிறேன். இந்தக் கங்காணியும் இன்று காலை சிலமலை விலக்கில் ஜீப்பை நிறுத்திப் போனைத்தான் நீட்டினார். ஓவர்காஸ்ட் என்று போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏறாமல் வீட்டுக்கு வந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

நாம் கடைசியாகச் சேர்ந்து போன அன்றைக்கும் மேலே மெட்டுப் பக்கம் மலை தலை தெரியாமல் மூடிக் கிடந்தது. "மழைன்னு போடல, ஓவர்காஸ்ட்னுதான் போட்டிருக்கு. வெரசா ஏறுங்க" என்றார் பழைய கங்காணி.

"அப்படின்னா என்னண்ணே?" என்று கேட்டீர்கள்.

"வானம் மூடியிருக்குன்னு அர்த்தம்."

"அது எங்க கண்ணுக்கே தெரியுதே. காத்தடிக்குமா, மரம் சாயுமான்னு சொல்லுதா?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் சிரித்தோம்.

ஒருத்தி ஏறிவிட்டால் மற்றவர்கள் கீழே நிற்கக் கூடாது என்பது சேர்ந்து வேலைக்குப் போகும் நம் செட்டு வழக்கம். அன்று முன் சீட்டுக்கு ஆசைப்பட்டு முதலில் ஏறியவள் நான். என்னை முறைத்துக்கொண்டே நீங்களும் ஏறினீர்கள். மத்தியானம் காற்று சுழற்றியடித்தது. ஏலச்செடிக்கு நிழல் தந்த மரத்தின் பெரிய கொப்பு முறிந்து உங்கள் மேல் விழுந்தது. நான் நாலு செடி தள்ளி நின்றிருந்தேன்.

உங்கள் காரியம்கூட முடியவில்லை, எஸ்டேட்டிலிருந்து ஒரு தாளோடு வந்துவிட்டார்கள். அன்று வானம் ஓவர்காஸ்ட் மட்டுமே, வேலைக்கு ஏற்ற நாள், நீங்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்காமல் மரத்தடிக்குப் போனீர்கள் என்று எழுதியிருந்தது. பார்த்தவள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

என் மகளிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன். "வானம் முழுசா மேகம் மூடியிருக்குன்னு மட்டும்தாம்மா. பெய்யும்னும் சொல்லாது, பெய்யாதுன்னும் சொல்லாது" என்றாள். அந்தச் சொல்லைக் காட்டித்தான் உங்களை மலையேற்றினார்கள். செத்த பிறகு அதையே காட்டிப் பழியையும் உங்கள் மேல் போடப் பார்த்தார்கள்.

"மதினி கேள்வி கேட்டாக. கங்காணி ஏறச் சொன்னாரு. நாந்தான் மொதல்ல ஏறுனேன். அப்படி எழுதிக் கொண்டாங்க, போடுறேன்" என்றேன், தாளோடு வந்தவர்களிடம்.

கொண்டுவரவில்லை. நானே எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்தேன். மறுநாளே எனக்கு எஸ்டேட்டில் சோலி இல்லை என்றார்கள். போகட்டும்.

முதலில் ஏறிய குற்றம் என்னுடையது மதினி. சாகும்வரை அதைச் சுமப்பேன். அவர்கள் குற்றத்தையும் சேர்த்துச் சுமக்க மாட்டேன். உங்கள் மேல் ஏற்றவும் விட மாட்டேன்.